73 வயது கர்ஜனை, உயில் ரகசியம், இரண்டே பாட்டில் ஓர் ஆல்பம்... 2024-ன் பெஸ்ட் மெட்டல் ஆல்பம் எது? ரசிகர்களின் டிசம்பர் சண்டை!

டிசம்பர் வந்துவிட்டால் சென்னை சபா கேன்டீன்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கீரை வடையும் டிகிரி காபியுமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "இந்த சீசன்ல நேத்து பாடின தோடி மாதிரி ஒண்ணு வரலை" என்பார் ஒருவர். "நீங்க போன வாரம் காம்போதி கேட்கலை, அதான் இப்படிப் பேசறீங்க" என்பார் இன்னொருவர். காபி ஆறிவிடும். விவாதம் ஆறவே ஆறாது.

இதே டிசம்பரில், இதே சூட்டோடு, உலகம் முழுக்க இன்னொரு கூட்டமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பு டி-ஷர்ட், நீளமான முடி, படிக்கவே முடியாத அளவுக்கு முள்ளுமுள்ளாக எழுதப்பட்ட பேண்டு பெயர்கள்... ஹெவி மெட்டல் ரசிகர்கள்தான். 'இந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் எது?' என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கு 10 பதில், 20 பதில் என்று பட்டியல் போட்டு, அடுத்தவர் பட்டியலைக் கிழித்துத் தொங்கவிடுவது இவர்களுக்கு வருடாந்தரத் திருவிழா.

"இதைப் பத்தி ஒரு கட்டுரை பண்ணேன்" என்று டெஸ்க்கில் சொன்னபோது எனக்கு மெட்டல் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். இரண்டு வாரம் விடாமல் கேட்டேன். ஒருநாள் ஹெட்போன் இணைப்பு விட்டுப்போய், போன் ஸ்பீக்கரில் பாட்டு அலறிவிட்டது. சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்து, "என்னடி இது, மிக்ஸியில ஸ்பூன் விழுந்துடுச்சா?" என்றார்.

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். வெளியிலிருந்து கேட்டால் எல்லாமே மிக்ஸி சத்தம். உள்ளே போனால்தான் அங்கே எத்தனை ஊர், எத்தனை தெரு, எத்தனை பங்காளிச் சண்டை இருக்கிறது என்று தெரிகிறது. வாருங்கள், ஒரு ரவுண்டு போய்விட்டு வருவோம்.

விரல் நுனியில் பிறந்த இசை

கதை தொடங்குவது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்கு இரும்புத் தகடு வெட்டும் ஆலையில் வேலை. கிடார் வாசிப்பதையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து, கடைசி நாள் வேலைக்குப் போனபோது இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் கிடாரில் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

நொறுங்கிப்போனவரைத் தேற்றியது அவருடைய ஆலை மேலாளர். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். தீ விபத்தில் விரல்கள் முடங்கிய பிறகும், பெரும்பாலும் இரண்டே விரல்களை வைத்துக்கொண்டு வாசித்தவர் ஜாங்கோ. அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். அழுத்தச் சுலபமாக மெல்லிய தந்திகளைப் போட்டார். பிற்பாடு தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். கிடாரின் சத்தம் கனமானது, இருண்டது.

அந்த அயோமி இருந்த குழுதான் பிளாக் சபாத். 1970 பிப்ரவரி 13-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தைத்தான் ஹெவி மெட்டலின் பிறப்புச் சான்றிதழ் என்று பெரும்பாலான ரசிகர்கள் சொல்வார்கள்.

மாவு ஒன்று, தோசை பல

அங்கே தொடங்கியது இன்று பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது. புரிந்துகொள்ள ஹோட்டல் மெனு கார்டு போதும். மாவு ஒன்றுதான், தோசை மட்டும் சாதா, ரவா, ஊத்தப்பம், பேப்பர் ரோஸ்ட் என்று ஆளுக்கொரு ரகம்.

வேகமும் ஆத்திரமுமாகப் பாய்ந்தால் த்ராஷ் மெட்டல். அடித்தொண்டையிலிருந்து உறுமலும் சிக்கலான தாளமும் என்றால் டெத் மெட்டல். கீச்சுக் குரலும் பனிக்காற்று போன்ற கிடார் இரைச்சலும் பிளாக் மெட்டல். ஆமை வேகத்தில், பாறாங்கல் எடையோடு நகர்ந்தால் டூம் மெட்டல். வாளும் டிராகனும் கோரஸுமாக, சேர்ந்து பாடத் தூண்டினால் பவர் மெட்டல். ராகம் தானம் பல்லவி மாதிரி நீட்டி, அளவு மாற்றி, கணக்குப் போட்டு விளையாடினால் புரோகிரஸிவ் மெட்டல். பங்க் ராக்கின் தெருச்சண்டைக் குணம் சேர்ந்தால் மெட்டல்கோர்.

சண்டையின் முதல் காரணமே இதுதான். ஊத்தப்பத்தையும் பேப்பர் ரோஸ்ட்டையும் ஒரே தராசில் வைத்து, 'எது சிறந்தது' என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வருட மோதலில் அதிகம் அடிபடும் பெயர்களைப் பார்ப்போம்.

தாத்தாக்களின் கவசம்

முதல் பெயர், ஜூடாஸ் பிரீஸ்ட். இவர்களும் பர்மிங்ஹாம்காரர்கள்தான். முதல் ஆல்பம் 1974-ல் வந்தது. சரியாக 50 வருடம் கழித்து, 2024 மார்ச் 8-ல் வெளியானது 'இன்வின்சிபிள் ஷீல்டு'. இவர்களின் 19-வது ஸ்டூடியோ ஆல்பம். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு 2024-ல் வயது 73. அந்த வயதில் அவர் எட்டும் உச்ச ஸ்தாயியைக் கேட்டால், 'இவர் என்ன சாப்பிடுகிறார்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால், ரசிகர்களை நெகிழவைத்தது குரல் மட்டுமல்ல. இந்தக் குழுவின் கிடார் கலைஞர் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய். 2014-ல் கண்டுபிடிக்கப்பட்டது, 2018-ல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். அதன் பிறகு அவரால் முழுநீள சுற்றுப்பயணங்களுக்குப் போக முடியவில்லை. ஆனால், குழுவை விட்டு விலகவும் இல்லை. 'இன்வின்சிபிள் ஷீல்டு' பாடல்களை உருவாக்கியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது.

இன்னொரு கிடார் கலைஞர் ரிச்சி ஃபால்க்னர். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே அவருடைய இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்துவிட்டது. வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். உடனே மருத்துவமனை, பத்தரை மணி நேர அறுவை சிகிச்சை. பிழைத்து வந்து வாசித்திருக்கும் ஆல்பம் இது. 'வெல்ல முடியாத கவசம்' என்று தலைப்பு வைக்க இவர்களுக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கிறது?

இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். "பழைய பாசத்துக்காக ஓட்டுப் போடாதீர்கள். பெயரை மறைத்துவிட்டுக் கேட்டால் இதை முதலிடத்தில் வைப்பீர்களா?" என்பது ஒரு தரப்பு வாதம். "பெயரை ஏன் மறைக்க வேண்டும்? 50 வருட உழைப்பும் அந்த உடம்பு பட்ட பாடும் இசைக்குள்ளேதானே இருக்கிறது?" என்பது எதிர்த்தரப்பு.

நான் எந்தத் தரப்பு என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். என் தாத்தா தையல்காரர். கடைசிக் காலத்தில் அவருக்கும் பார்க்கின்சன் வந்தது. காபி டம்ளரைப் பிடித்தால் கை ஆடும். ஊசியில் நூல் கோக்க முடியாது. ஆனாலும் தினமும் காலையில் கடைக்குப் போய்விடுவார். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "தோள்ல அரை இன்ச் விட்டு வெட்டு", "காலர் பக்கம் சாக்பீஸ் கோடு தப்பு" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். சட்டையை வாங்கிப்போகிறவர்கள் எல்லாம், "பெரியவர் தைத்தது" என்றுதான் சொல்வார்கள். டிப்டனின் பெயரைப் பாடலாசிரியர் வரிசையில் பார்த்தபோது எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வந்தது. இந்த நிலையில் என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள்.

இதே ரகத்தில் இன்னொரு பெயரும் அடிபடுகிறது. அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சன், 19 வருட இடைவெளிக்குப் பிறகு தனியாகச் செய்த 'தி மேண்ட்ரேக் புராஜெக்ட்'. 2024 மார்ச் 1-ல் வெளியானது. குழுவின் விமானத்தைத் தானே ஓட்டிப் பழகிய மனிதர், நாக்கில் வந்த புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து பாடுபவர். ஆல்பத்தோடு சேர்த்து ஒரு காமிக்ஸ் தொடரையும் கொண்டுவந்தார். 'ஓய்வு' என்ற சொல் இவர்கள் அகராதியிலேயே இல்லை போல.

இரண்டே பாட்டு, இது ஆல்பமா?

அடுத்து, இந்த வருடம் அதிகம் பேசப்பட்ட பெயர். அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த பிளட் இன்கேன்டேஷன் குழுவின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்'. அக்டோபர் 4-ல் வெளியானது. மொத்தம் இரண்டே பாடல்கள். ஒவ்வொன்றும் மூன்று பகுதிகள். ஒரு பாட்டு 20 நிமிடத்துக்கு மேல்!

டெத் மெட்டல்தான். ஆனால், உறுமலும் டிரம்ஸ் அடியும் சட்டென்று நின்று, சின்தசைஸர் அலைகளில் விண்வெளியில் மிதப்பதுபோல ஒரு பகுதி வரும். பிறகு 1970-களின் ராக் இசை எட்டிப்பார்க்கும். திடீரென மறுபடி புயல். ஆல்பத்தைப் பதிவு செய்தது பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில். டேவிட் போவி 1977-ல் தன் புகழ்பெற்ற 'ஹீரோஸ்' ஆல்பத்தை உருவாக்கிய அதே இடம். ஜெர்மனியின் மூத்த மின்னிசைக் குழுவான டேன்ஜரின் ட்ரீமின் இன்றைய முகமான தோர்ஸ்டன் குவேஷ்னிங்கும் இதில் வாசித்திருக்கிறார்.

பல பட்டியல்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. மெட்டலே கேட்காத இசை ரசிகர்கள்கூட இதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். அதுவே சிலருக்கு எரிச்சல். "டெத் மெட்டல் பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கும் டெத் மெட்டல் இது" என்று கிண்டலடிக்கிறார்கள். 'தோசை பிடிக்காதவர்களுக்குச் சீஸ் தோசை' என்பது போன்ற கிண்டல். "அப்படியே இருக்கட்டும். சீஸ் தோசையில் ஆரம்பித்தவன் ஒருநாள் சாதா தோசைக்கு வரமாட்டானா?" என்று பதில் வருகிறது.

சுத்தமான, சமரசமில்லாத டெத் மெட்டல் வேண்டும் என்பவர்கள் சுட்டுவது நியூசிலாந்தின் அல்சரேட் குழுவை. ஜூனில் வந்த அவர்களின் ஆல்பம் இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ரகம். எளிதில் பிடிபடாது. அதுதான் அதன் பெருமை என்பார்கள் அதன் ரசிகர்கள்.

மெகா சீரியலை மிஞ்சும் உயில்

ஒரு பெரிய மாளிகை. கண்டிப்பான குடும்பத் தலைவர் இறந்துவிடுகிறார். வாரிசுகள் கூடுகிறார்கள். உயில் வாசிக்கப்படுகிறது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம்: நம் வீட்டில் வளர்ந்த, போலியோவால் பாதிக்கப்பட்ட இந்த அநாதைப் பெண்ணுக்கு உயில் வாசிக்கும் இடத்தில் என்ன வேலை? அப்பா நம்மிடம் எதை மறைத்தார்?

இரவு 9 மணி சீரியல் புரொமோ இல்லை. ஸ்வீடனின் ஓபெத் குழு நவம்பர் 22-ல் வெளியிட்ட 'தி லாஸ்ட் வில் அண்டு டெஸ்டமென்ட்' ஆல்பத்தின் கதை! முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் நடக்கிறது. கடைசிப் பாட்டைத் தவிர மற்ற ஏழு பாடல்களுக்கும் பெயரே கிடையாது. உயிலின் பத்திகளைப் போல 1, 2, 3 என்று எண் மட்டும்தான். பெயர் உள்ள அந்தக் கடைசிப் பாட்டில்தான் முடிச்சு இருக்கிறது. சொல்லமாட்டேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளூட்டை ராக் மேடைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்ற ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன், இதில் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார், கதைசொல்லியாகவும் பேசியிருக்கிறார். ஓபெத்தின் பாடகரும் மூளையுமான மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டின் மகள் குரலும் ஓரிடத்தில் வருகிறது. குடும்பக் கதைக்குக் குடும்பத்தையே அழைத்துவந்துவிட்டார்.

ஆனால், ரசிகர்கள் துள்ளிக் குதித்ததற்குக் காரணம் வேறு. 2008-க்குப் பிறகு ஓபெத் ஆல்பங்களில் உறுமல் குரலே இல்லை. மிக்கேல் இனிமையாக மட்டுமே பாடிவந்தார். "எங்கள் பழைய ஓபெத் எங்கே?" என்று ஒரு கூட்டம் 16 வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தது. இந்த ஆல்பத்தில் செத்துப்போன அப்பாவின் குரலாக அந்த உறுமல் திரும்பிவந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது அந்த வீட்டை மிரட்டியவர், காகிதத்திலிருந்தும் மிரட்டுகிறார். கதைக்கும் குரலுக்கும் இப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம்.

ஓபெத் நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்லை. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி-யின் சாரங் விழாவில் வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள். அன்று அந்தத் திடலில் நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்று 35 வயதைத் தாண்டியிருக்கும். அவர்களுக்கு இந்த உறுமல், பழைய ஹாஸ்டல் அறையின் கதவு திறந்ததுபோல.

தொண்டை கிழிந்துவிடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கத்துவதும் உறுமுவதும் ஒன்றல்ல. நாம் பேசும்போது அதிர்வது குரல்நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. 'பொய்க் குரல்நாண்கள்' என்பார்கள். பயிற்சி பெற்ற மெட்டல் பாடகர்கள் மூச்சைக் கட்டுப்படுத்தி அந்த மடிப்புகளை அதிரவைக்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும், கழுத்து இறுகக் கூடாது என்பதெல்லாம் பாலபாடம். அமெரிக்காவில் மெலிசா கிராஸ் போன்ற குரல் பயிற்சியாளர்கள் இதைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். பயிற்சி இல்லாமல் வீட்டில் முயன்றால் தொண்டை கட்டும்; பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார்.

வீட்டு டி.வி-க்குள் வந்த புயல்

2024-ஐ மெட்டல் ரசிகர்கள் மறக்காததற்கு ஆல்பங்களைத் தாண்டி ஒரு காரணம் உண்டு. ஜூலை 26, பாரீஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. சேன் நதிக்கரையில், மரி அன்டோய்னெட் அரசி சிறை வைக்கப்பட்டிருந்த கான்சியர்ஜரி கட்டடத்தின் ஜன்னல்களில் நின்றுகொண்டு வாசித்தது பிரான்ஸின் கோஜிரா குழு. கூடவே ஓபரா பாடகி மரினா வியோட்டி. பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாட்டு, மெட்டல் வடிவத்தில். கையில் தன் தலையைத் தானே ஏந்திய அரசி உருவம், தீப்பிழம்பு, சிவப்புக் காகித நாடாக்கள்... உலகம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக டி.வி முன் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பாட்டு கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. கூடவே அதே பிரிவில் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்' பாடலும்.

அதே பட்டியலில் இருந்த இன்னொரு பெயர், கென்டக்கியைச் சேர்ந்த நாக்டு லூஸ். மே 10-ல் வந்த இவர்களின் ஆல்பம் அரை மணி நேரம்கூட ஓடாது. ஆனால், கேட்டு முடித்தால் 10 மாடி ஏறி இறங்கிய களைப்பு வரும். ஆல்பத்தின் தலைப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சம்பவம். பாடகர் பிரையன் காரிஸுக்கு விமானப் பயணம் என்றால் பயம். ஒருமுறை விமானம் குலுங்கியபோது நடுங்கிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி சொன்ன ஆறுதலின் சாரம் இதுதான்: போக வேண்டிய நேரம் வருவதற்கு முன் நீ போகமாட்டாய். முன்பின் தெரியாத ஒருவரின் அந்த ஆறுதல், இந்த வருடத்தின் மிக ஆவேசமான ஆல்பங்களில் ஒன்றுக்குத் தலைப்பாகிவிட்டது.

நவம்பர் கடைசியில் இவர்கள் அமெரிக்காவின் ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சியில் பாடினார்கள். 'டி.வி-யில் இப்படி ஒரு சத்தமா?' என்று கோபப்பட்டவர்கள் ஒருபக்கம். 'எங்கள் இசையும் நடுவீட்டுக்கு வந்துவிட்டது' என்று கொண்டாடியவர்கள் மறுபக்கம். 'இது மெட்டலே இல்லை, ஹார்ட்கோர்' என்று இடையில் புகுந்து வகை பிரித்தவர்கள் மூன்றாவது பக்கம். மூன்றாவது தரப்பு இல்லாமல் மெட்டல் விவாதமே கிடையாது.

இருட்டுப் பக்கமும் உண்டு

"இதெல்லாம் பிசாசுப் பாட்டு இல்லையா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. மறைக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் வட்டாரத்தில் தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன, கொலைகளும் நடந்தன. அந்தக் கறை அந்த வகை இசையின் மேல் இன்னும் இருக்கிறது. சில குழுக்களின் இசையைக் கேட்கலாமா, அவர்களுக்குப் பணம் போக வேண்டுமா என்று ரசிகர்களே தங்களுக்குள் கடுமையாக விவாதிக்கிறார்கள். 'இசை வேறு, ஆள் வேறு' என்ற பதில் எல்லோருக்கும் போதவில்லை.

அதே நார்வேயில் வேறு முகமும் உண்டு. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை தொடரும் டார்க்த்ரோன் குழு ஏப்ரலில் புது ஆல்பம் கொண்டுவந்தது. அதில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஃபென்ரிஸ். உள்ளூர் மன்றத்துக்கான மாற்று வேட்பாளர் பட்டியலில் இவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பூனையைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்' என்று பிரசாரம் செய்தார். மக்கள் கேட்கவில்லை, ஜெயிக்கவைத்துவிட்டார்கள்! முள்கம்பி போன்ற இசைக்குப் பின்னால் இப்படியும் மனிதர்கள்.

காத்திருந்தவர்களும் கைவிடாதவர்களும்

பட்டியல் சண்டையில் அடிக்கடி வரும் இன்னும் சிலரைச் சொல்லியாக வேண்டும்.

த்ராஷ் இசையின் பெருந்தலையான ஸ்லேயர் குழு 2019-ல் விடைபெற்றது. அதன் கிடார் கலைஞர் கெர்ரி கிங் 2024 மே மாதம் தன் பெயரில் ஆல்பம் வெளியிட்டார். 'இது ஸ்லேயர்தான், போர்டு மட்டும் மாறியிருக்கிறது' என்று சிலர் மகிழ்கிறார்கள். அதையே குறையாகச் சொல்கிறார்கள் வேறு சிலர். இதற்கிடையே விடைபெற்ற ஸ்லேயரே செப்டம்பரில் மறுபடி மேடை ஏறிவிட்டது தனிக்கதை.

பின்லாந்தின் வின்டர்சன் குழு 'டைம்' என்ற ஆல்பத்தின் முதல் பாகத்தை 2012-ல் வெளியிட்டது. இரண்டாம் பாகம் வந்தது 2024 ஆகஸ்டில். 12 வருடம்! 'பொன்னியின் செல்வன்' எப்போது படமாகும் என்று காத்திருந்த நமக்கு அந்த வலி புரியும். 'காத்திருந்ததற்குப் பலன் உண்டா?' என்பதுதான் இங்கே சண்டை.

டூம் ரசிகர்கள் அமெரிக்காவின் பால்பேரர் குழுவின் மே மாத ஆல்பத்தைக் கையில் எடுக்கிறார்கள். சோகத்தை அவசரப்படுத்தாத இசை. நம் பக்கத்து ஊரான பெங்களூரிலிருந்து கிரிப்டோஸ் குழுவின் 'டெசிமேட்டர்' ஆல்பமும் 2024-ல்தான் வந்தது. 1998-லிருந்து விடாமல் வாசித்துவருபவர்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற வாக்கன் மெட்டல் விழாவில் மேடையேறியவர்கள். 1980-களின் மெட்டலை ரசிப்பவர்களுக்கு அது தீனி.

எதற்கு இத்தனை சண்டை?

இரண்டு வாரம் இதற்குள் உட்கார்ந்திருந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். பட்டியலில் யார் முதலிடம் என்பது ஒரு சாக்கு. இந்த ரசிகர்கள் உண்மையில் காப்பாற்றிக்கொண்டிருப்பது இன்னொரு பழக்கத்தை: ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, நடுவில் எழுந்து போகாமல் கேட்பது.

நாம் இப்போது பாட்டுக் கேட்பது எப்படி? 30 விநாடி ரீல்ஸில் ஒரு ஹூக். பிடித்தால் இன்னொரு தடவை, இல்லையென்றால் விரல் மேலே தள்ளிவிடும். இரண்டே பாட்டில் 40 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஆல்பத்தையும், கடைசிப் பாட்டில் முடிச்சு அவிழும் உயில் கதையையும் அப்படிக் கேட்க முடியாது. உட்கார வேண்டும். பொறுமை வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால்தான் சண்டையே போட முடியும். சபா கேன்டீனில் தோடிக்காக வாதாடுபவரும் அந்த இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்தானே?

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. வானொலியிலோ டி.வி-யிலோ ஒலிக்க வாய்ப்பில்லாத சின்னக் குழுக்களுக்கு இந்த டிசம்பர் பட்டியல்கள்தான் விளம்பரம். யாரோ ஒருவர் தன் பட்டியலில் 17-வது இடத்தில் வைத்த பெயரைப் பார்த்து, இன்னொரு நாட்டில் ஒருவர் கேட்கிறார். பிடித்துப்போய் டி-ஷர்ட் வாங்குகிறார். அந்தப் பணத்தில் அந்தக் குழுவின் வேன் அடுத்த ஊருக்குப் போகிறது.

நீங்கள் கேட்க நினைத்தால்...

புதிதாகக் கேட்பவர்களுக்கு என் சின்ன வழிகாட்டி. முதலில் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்'. மெலடி பிடிப்பவர்களுக்குச் சுலபமான வாசல். அடுத்து ஓபெத் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எ ஸ்டோரி நெவர் டோல்டு'. உறுமலே இல்லாத, மென்மையான பாட்டு. பிறகு பிளட் இன்கேன்டேஷனின் 'தி ஸ்டார்கேட்' இரண்டாம் பகுதி. கண்ணை மூடினால் விண்வெளி. இந்த மூன்றையும் தாண்டிவிட்டால் நாக்டு லூஸ் பக்கம் போகலாம். ஹெட்போனில் கேட்கும்போது மட்டும் வால்யூமைக் குறைத்தே வையுங்கள். இசை கனமாக இருந்தால் போதும், காது கெட வேண்டியதில்லை.

என் ஓட்டு? மூளை ஓபெத் என்கிறது. இந்த வருடம் இவ்வளவு கச்சிதமாகக் கதை சொன்ன ஆல்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால், கை 'இன்வின்சிபிள் ஷீல்டு' பக்கம்தான் போகிறது. விரல் நுனி போன ஒருவர் தொடங்கிய இசையை, கை நடுங்கும் ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாசத்துக்கு ஓட்டுப் போடாதே என்பவர்கள் மன்னிக்கவும்.

நேற்று இரவு அந்த ஆல்பத்தை ஸ்பீக்கரிலேயே, சத்தம் குறைவாக வைத்துப் போட்டேன். அம்மாவிடம் டிப்டன் கதையைச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "தாத்தாவும் கடைசி வரைக்கும் கடையைப் பூட்ட விடலைல்ல..." என்றார். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கியபோது நிறுத்தச் சொல்லவில்லை. "அந்தக் கத்தறவர் மட்டும் கொஞ்சம் மெதுவா பாடலாம்" என்றார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் மெட்டல் கேட்பவர் யாராவது இருக்கிறார்களா? இந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் எது என்று இன்று ஒரு தடவை அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால், கையில் ஒரு மணி நேரமாவது வைத்துக்கொண்டு கேளுங்கள். பதில் நீளமாகத்தான் வரும்!